மூவண்ணப் பூனையும் ஒரு கரும்புள்ளியும்

கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை ஒன்று மதில்மேல் உட்கார்ந்திருந்தால், கிட்டே போய்ப் பார்க்காமலே அது பெட்டை என்று பந்தயம் கட்டலாம். அநேகமாக ஜெயித்துவிடுவீர்கள். பி.காம். படிக்கிறவனுக்குப் பூனையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரவு செலவுக் கணக்கைவிட இந்தக் கணக்கு சுவாரஸ்யமாக இருக்கிறது, அவ்வளவுதான் :-)

கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் லியோனார்ட் டான்காஸ்டர். பூனை நிறங்கள் ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் இறங்குவதைப் பற்றி 1904-ல் எழுதினார். 1912-ல் அமெரிக்காவின் சி.சி. லிட்டில், இந்த ஆரஞ்சு பாலினத்தோடு பிணைந்தே இறங்குகிறது என்றார். அதாவது அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆகவே கடுவன் ஒன்று ஆரஞ்சு, இல்லையென்றால் கறுப்பு. பெட்டையிடம் மட்டும் இரண்டும் சேர்ந்திருக்க முடியும். (வெள்ளை வேறொரு மரபணுவின் கைங்கர்யம். அது ஆண், பெண் பார்ப்பதில்லை.)

சரி, இரண்டும் இருந்தால் பாலில் டிகாஷன் கலந்த மாதிரி ஒரே பழுப்பாகத்தானே வரவேண்டும்? ஏன் திட்டுத் திட்டாக? பதில் கிடைக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆனது.

1949. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்று ஓர் ஊர். அங்கே முர்ரே பார், அவருடைய மாணவர் பெர்ட்ராம் இருவரும் பூனையின் நரம்பு செல்களைத் தூண்டிவிட்டு என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலினத்தைப் பற்றிய ஆராய்ச்சியே அல்ல. சில பூனைகளின் செல் கருவில் ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தது, சிலவற்றில் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், புள்ளி இருந்ததெல்லாம் பெட்டை! அந்தப் புள்ளி சுருண்டுபோன ஒரு எக்ஸ்தான் என்று 1959-ல் சுசுமு ஓனோ காட்டினார்.

1961-ல் மேரி லயன் முடிச்சை அவிழ்த்தார். இவர் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் பெண்களுக்கு அங்கே முழு உரிமையுள்ள பட்டமே கிடையாது, பேருக்கு ஒன்றுதான். ஹார்வெல்லில் எலிகளை வைத்து ஆராய்ந்தவர், 'நேச்சர்' இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். பெண் கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுகிறது. எதை என்பது குருட்டாம்போக்கு. அந்த செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே முடிவைப் பின்பற்றும். ஆரஞ்சு எக்ஸ் அணைந்த இடத்தில் கறுப்புத் திட்டு, மற்றதில் ஆரஞ்சுத் திட்டு. எப்போதாவது தென்படும் மூவண்ணக் கடுவன்? பெரும்பாலும் அதற்கு எக்ஸ்-எக்ஸ்-ஒய்.

2001-ல் டெக்சாஸில் ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையைக் குளோனிங் செய்தார்கள். பிறந்த குட்டி 'சிசி'யிடம் ஆரஞ்சே இல்லை! அச்சு அசல் நகல் வேண்டும் என்று காசு கட்ட நினைத்தவர்களுக்கு நல்ல பாடம்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் பூனைக் கதை. ஆனால் பார் கண்ட புள்ளியை மனிதக் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டியும் பார்க்கலாம் என்று ஆனதும், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் பெண்மையைச் சோதிக்க அதையே பயன்படுத்தினார்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ 1983-ல் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர். 1985-ல் ஜப்பானின் கோபே நகருக்குப் போனபோது சான்றிதழை மறந்துவிட்டார். மறுபடி சோதனை. புள்ளி இல்லை! அவருக்கு எக்ஸ்-ஒய். ஆனால் ஆண் ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் அவர் உடல் அதை ஏற்காது. அதனால் ஓட்டத்தில் துளியும் லாபமில்லை. அடிபட்ட மாதிரி நடித்து ஒதுங்கிக்கொள் என்றார்கள். அடுத்த வருஷம் அவர் தேசியப் போட்டியில் ஓடினார், விஷயம் பத்திரிகைகளில் வந்தது. பதக்கங்கள், உதவித்தொகை, தங்கியிருந்த விடுதி, நிச்சயித்த மாப்பிள்ளை எல்லாம் போயின. போராடி 1988-ல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1992 ஒலிம்பிக் தகுதி நூலிழையில் தவறியது. ஒலிம்பிக் கமிட்டி 1992-ல் புள்ளிச் சோதனையை மாற்றி மரபணுச் சோதனை கொண்டுவந்தது, 1999-ல் எல்லோருக்குமான சோதனையையே நிறுத்தியது.

ஆரஞ்சு மரபணு எது என்பது 2025-ல்தான் அச்சில் வந்தது. ஜப்பானிலும் ஸ்டான்ஃபோர்டிலும் தனித்தனியே தேடியவர்கள் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். எக்ஸில் சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டதால் ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணு இருக்கக்கூடாத இடத்தில் விழித்துக்கொள்கிறது. ஜப்பான் குழுவுக்குப் பூனைப் பிரியர்கள் இணையத்தில் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். அதே 2025 செப்டம்பரில் உலகத் தடகள அமைப்பு வீராங்கனைகளுக்கு மீண்டும் மரபணுச் சோதனையைக் கொண்டுவந்தது. இந்த முறை தேடுவது புள்ளியை அல்ல, ஒய்யில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற மரபணுவை.