ஜூரர் முடிபும் மேல்முறையீடும்

'முறையீடு' என்னும் சொல்லின்கண் 'முறை' என்பது நீதியைக் குறிக்கும். ஜூரர் கண்ட முடிபின்மேல் முறையிட வழியுண்டோ என்பது நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் நெடிது நின்ற வினாவாகும்.

உயர்நீதிமன்றங்களே ஜூரர் துணையுடன் நேரே விசாரித்த குற்ற வழக்குகளில், சட்டச் சிக்கல் பற்றிய சில வழிகளன்றி, நிகழ்ச்சியின் உண்மை பற்றி மேல்முறையீடு செய்யும் உரிமை 1943-க்கு முன் இல்லை. அவ்வாண்டிற் சேர்க்கப்பெற்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 411-ஏ பிரிவு, நீதிமன்ற இசைவுடன் அதனையும் எழுப்ப இடந்தந்தது.

இதன் பயனை இலட்சுமிகாந்தன் கொலை வழக்குக் காட்டும். 1945 மே திங்களில் ஜூரர் ஒன்பதின்மருள் அறுவர் குற்றம் உண்டென்றனர், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் வாழ்நாள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சிலோ, தானே முடிவு கூறாது, மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு அந்நீதிமன்றத்திற்கே திருப்பி அனுப்பிற்று. மீளக் கேட்டபின், 1947 ஏப்ரலில், இருவரும் விடுதலையாயினர்.

ஈண்டுப் புதிய ஜூரர் அமரவில்லை. முன்னைய சான்றுகளையே நீதிபதிகள் மீண்டும் எடையிட்டனர். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரர் முறையையே விடுத்தது. ஆயின், இவ்வழக்கு நான்காண்டுகட்கு முன்னர் நிகழ்ந்திருப்பின், அறுவர் சொல்லே இறுதிச் சொல்லாய் நின்றிருத்தல் கூடும் என்பது கருதத்தக்கது.