முதுமையில் திரும்பி வரும் குண்டுச்சத்தம்

ஆவடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டாங்கி தொழிற்சாலைதான். ஆனால் 1965ல் அங்கே முதல் விஜயந்தா டாங்கி வெளிவருவதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, ஆவடி ஒரு ராணுவத் தளமாக இருந்தது. போர் சென்னைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது! 1942 ஏப்ரல் 5ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னையில் ஏராளமான வீடுகள் பூட்டிக் கிடந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதெல்லாம் வரலாற்றில் பதிவாகி இருக்கிறது. ஆனால் அன்று பயந்து நடுங்கிய குழந்தைகள் பிறகு என்ன ஆனார்கள்?

பர்மாவிலிருந்து நடந்தவர்கள்

சென்னைக் குழந்தைகளை விடக் கொடுமையைப் பார்த்தவை பர்மா தமிழர்களின் குழந்தைகள். 1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகவே கிளம்பினார்கள். டாமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். மலை, சேறு, பசி, காலரா... வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்தப் பிணங்களைத் தாண்டித்தான் பிள்ளைகளும் நடந்து வந்தார்கள்.

உயிரோடு ஊர் வந்து சேர்ந்ததே பெரிது என்று நினைத்த காலம் அது. குழந்தையின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கமே இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் சேர்த்ததே 1980ல்தான்!

ஏன் முதுமையில்?

ஜெர்மனியில் இதை ஆராய்ந்தவர் ஹார்ட்முட் ராடேபோல்ட் என்ற மனநல மருத்துவர். 1935ல் பிறந்த அவரும் ஒரு போர்க்காலக் குழந்தைதான். வேலை, கல்யாணம், பிள்ளை வளர்ப்பு என்று ஓடும்வரை பழைய பயம் அடங்கிக் கிடக்கிறது. ஓய்வு பெற்று, துணையை இழந்து, உடம்பும் தளரும்போது அது மேலே வருகிறது. அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலையும் அந்தச் சின்ன வயது நிராதரவையே நினைவூட்டுகிறது. மறதி நோய் வந்தால் இன்னும் சிக்கல். நேற்று நடந்தது அழிந்துபோகும், எட்டு வயதில் நடந்தது நிற்கும்.

தீபாவளி வெடிக்கு ஒரு பாட்டி கட்டிலுக்கு அடியில் ஒளியலாம். ஒரு தாத்தா தலையணைக்குக் கீழே ரொட்டியை ஒளித்து வைக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் "வயசாயிடுச்சு, புத்தி மாறிடுச்சு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். காரணம் அறுபது, எழுபது வருடத்துக்குப் பின்னால் இருக்கும்.

அடுத்த தலைமுறை

பர்மாவிலிருந்து நடந்து வந்த குழந்தைகளில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். எண்பது, தொண்ணூறைத் தாண்டியவர்கள். அவர்களைக் கேட்க நாம் தவறிவிட்டோம். ஆனால் இந்தக் கதை முடியவில்லை. அம்பத்தூரை அடுத்த புழலில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரூர், வளசரவாக்கம் பக்கம் முகாமுக்கு வெளியே வாழும் ஈழக் குடும்பங்களும் உண்டு. 1983 ஜூலையில் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் சில வருடங்களில் அவர்களும் முதியவர்கள்தான்.

அப்போது நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. கேலி செய்யாமல் இருப்பது, சொல்ல விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் இருப்பது. பயந்து எழும்போது "இது நம்ம வீடு, நாங்க இருக்கோம்" என்று சொல்வது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது. அரசின் 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

போர் முடிந்த தேதி புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு அது எப்போது முடிந்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.