கள் தந்த மரமும் மது வடித்த ஆலையும்

மாதுறு ஓயாவின் நீர் உப்பங்கழியாய் விரிந்து கடலை நாடும் இடத்தில் அமைந்தது வாழைச்சேனை. கழியோரத்திலே கண்டலும் தில்லையும். மணற்றிட்டிலே தென்னையும் பனையும். இம்மரங்களை எண்ணிப் பார்ப்போர் மீனையும் தேங்காயையும் நினைப்பர். மதுவை நினைப்போர் சிலரே. ஆயினும் கிழக்குக் கரையின் மரங்களுடைய வரலாற்றில் மதுவுக்கும் ஓர் இடம் உண்டு. மது செய்வோர் மரம் வளர்க்க முற்படுவது பல நாடுகளிற் காணப்படும் இக்காலத்தில் அவ்வரலாற்றை நினைவுகூர்தல் பயனுடையது.

பனையினதோ தென்னையினதோ பாளையை நுனிசீவி முட்டி கட்டினால் இனிய சாறு சொட்டும். அதிலே சர்க்கரை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் இருக்கும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணியாகவே நிற்கும்; பூசாவிடின், காற்றிலும் கலத்திலும் உள்ள நொதியங்கள் சில மணி நேரத்துள் அதனைக் கள்ளாக்கிவிடும். உலை வேண்டியதில்லை, விறகு வேண்டியதில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை. மரமே ஆலை. ஆகையால் சீவற்றொழிலாளர் மரத்தை வெட்ட நினையார். காலையும் மாலையும் அதன்மேல் ஏறுபவருக்கு அதன் நலமே தம் நலம். தவறி விழுந்து உயிர் துறந்தோரும் உடல் முடமானோரும் பலர். அவர் தொழிலை இழிவென்று ஒதுக்கிய சமூகம், அவர் இறக்கிய கள்ளை ஒதுக்கியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடிக்கத் தொடங்கியபோது நிலை மாறிற்று. வடிகலத்துக்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டனர். கூடிய விலை கேட்டவருக்கே ஒரு பகுதியின் தவறணைகள் உரியனவாயின. குத்தகைக்காரர் செல்வராயினர், அரசின் திறைசேரியும் நிரம்பியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் குத்தகை முறையை ஒழித்தது. ஆனால் அதனோடு கள்ளுத் தவறணைகள் தனியாகப் பெருகவே, மதுவிலக்கு இயக்கத்தார் கொதித்தெழுந்தனர். வரியைக் கணக்கிட்ட ஏடுகளில் மரம் வரவுப் பொருளாகவே நின்றது.

பியரின் கதை வேறு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் நுவரெலியாவில் பியர் வடிக்கும் தொழிலைத் தொடங்கினார். மலையருவியின் நீரும் குளிரும் அங்கே கிடைத்தன. அதே காலத்தில் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக அழிந்துகொண்டிருந்தன. மலைமுடிக் காடுகளைக் காக்கவேண்டுமெனத் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் வற்புறுத்தியதன் பின்னரே, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டு நிலங்களை விற்பது தடைப்பட்டது. அக்காட்டைக் காத்தது அறிவியலாளர் சொல்லும் அரசின் ஆணையுமே.

பியர் செய்வோர் தாமாகவே மரம் நட்ட வரலாறு ஜேர்மனியின் பவேரியா நாட்டில் உண்டு. அங்கே கோடையிற் காய்ச்சிய பியர் கெட்டுவிடும். ஆதலால் 1539ஆம் ஆண்டின் ஆணை, செப்டெம்பர் இறுதி முதல் ஏப்ரல் 23 வரையே காய்ச்சலாம் என விதித்தது. கோடைக்கென வைத்த பியரைக் குளிர்ச்சியாகக் காக்க மியூனிக் நகரத்தார் இசார் ஆற்றங்கரை மேட்டில் ஆழ நிலவறை தோண்டி, குளிர்காலத்துப் பனிக்கட்டியை அதில் அடுக்கினர். நிலவறையின் மேலே சரளை பரப்பிக் குதிரைச் செஸ்நட் எனும் மரங்களை நட்டனர். அகன்ற இலை நிழல் தந்தது. மேலோட்டமான வேர் நிலவறையின் வளைவைப் பிளக்கவில்லை. நிழல் கண்ட மக்கள் அங்கேயே அமர்ந்து குடிக்கலாயினர். நகரத்து உணவுக் கடைக்காரர் முறையிடவே, நிலவறை வாயிலிற் பியரும் அப்பமும் விற்கலாம், வேறு உணவு கூடாது என 1812இல் அரசர் ஆணையிட்டார். மக்கள் வீட்டிலிருந்து சோற்றுமூட்டை கொண்டுவரும் வழக்கம் அவ்வாறு பிறந்தது. 1870களில் கார்ல் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் வந்து நிலவறையின் தேவையைப் போக்கியது. மரங்களோ நின்றன.

அதே ஜேர்மனியில் குரோம்பாக்கர் என்னும் பியர் நிறுவனம் 2002இல் புதுமுறை ஒன்று கண்டது. வாங்கப்படும் ஒவ்வொரு பெட்டி பியருக்கும் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் மழைக்காட்டில் ஒரு சதுர மீற்றர் காக்கப்படும் என விளம்பரம் செய்தது. வழக்கு எழுந்தது. அத்தகைய விளம்பரம் தன்னளவில் முறையற்றதன்று, ஆயினும் வாங்குவோரை ஏமாற்றலாகாது என்பதே உயர் நீதிமன்றம் 2006இல் கொண்ட கருத்து. செஸ்நட் மரம் நட்டவருக்கு மரம் இல்லையேல் தொழில் இல்லை. இவருக்கோ காடு அழிந்தாலும் பியர் நுரைக்கும். இவ்வேறுபாடு சிறிதன்று.

கிழக்கிலங்கை மரத்தின் அருமையை வேறு வழியிற் கற்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதியைச் சாய்த்தது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் கரையெங்கும் கண்டல் நடும் ஆர்வம் பொங்கியது. நட்டது பெரிது, நின்றது சிறிது. இலங்கையின் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 1,000 ஹெக்டயர் நடப்பட்டதில் 200 ஹெக்டயர் அளவே தேறியது என்றும், ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் உயிர் பிழைக்கவில்லை என்றும் காட்டியது. பொருந்தாத நிலத்தில் நட்டமை, கால்நடை மேய்ந்தமை, நட்டபின் எவரும் திரும்பிப் பாராமை ஆகியனவே காரணங்கள். படம் எடுத்துக்கொள்ளும் நாளில் மட்டும் கூடும் கூட்டம் எந்த ஊருக்கும் புதிதன்று.

தொழிற்சாலையும் வாழைச்சேனைக்குப் புதிதன்று. 1956இல் இயங்கத் தொடங்கிய காகித ஆலை, மரத்தை வீழ்த்தாது வைக்கோலைக் கூழாக்கியது. ஆனால் 2017இல் அயலிலுள்ள கல்குடாவில் எரிசாராயத் தொழிற்சாலை ஒன்று எழத் தொடங்கியபோது மாவட்டமே எதிர்ப்புக் காட்டியது. குடியால் நலியும் குடும்பங்களின் அச்சம் ஒருபுறம். நீரைப் பற்றிய அச்சம் மறுபுறம். கரும்புப் பாகிலிருந்து ஒரு லீற்றர் எரிசாராயம் வடிக்க, 8 முதல் 15 லீற்றர் வரை கருநிறக் கழிவுநீர் மிஞ்சும் என்பது தொழில்நுட்பம் அறிந்தோர் கணக்கு. சுத்திகரிக்காமல் அதனை உப்பங்கழியில் விட்டால் நீரிலுள்ள உயிர்வளி குறையும். இறாலும் மீனும் மடியும். அத்தகைய நீருக்கு, கரையில் நட்ட ஆயிரம் கன்றும் ஈடாகா.

மது வடிப்போர் மரமும் நடுவதாயின் நடட்டும். அவர் நட்ட கன்றை ஐந்தாம் ஆண்டில் எண்ணிப் பார்க்கும் உரிமை மட்டும் ஊராருக்கு வேண்டும். வாழைச்சேனைக் கரையில் இன்று ஊன்றப்படும் பனங்கொட்டை முதற்பாளை விடுவதற்குக் குறைந்தது பன்னிரண்டு ஆண்டு செல்லும். வடலிப் பருவம் கழியும்வரை அதற்கு மாட்டிடமிருந்தும் தீயிடமிருந்தும் காவல் வேண்டும்.