இலவச லினக்ஸுக்கு எதற்குக் காசு? - எல்காட் கதை

லினக்ஸ் இலவசம் என்று சொல்லிச் சொல்லியே அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இலவசம் என்றால் பில் எதற்கு, டெண்டர் எதற்கு என்று அரசு அலுவலகத்தில் கேட்பார்களா இல்லையா? கேட்கத்தான் செய்வார்கள்.

குமாரபாளையத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஊரெல்லாம் விசைத்தறி. சொந்தத் தறியே ஆனாலும், நின்றுபோனால் சரிசெய்ய வருகிறவருக்குக் கூலி உண்டு. "தறி என்னுடையது, உனக்கெதற்குக் கூலி" என்று எவரும் கேட்பதில்லை. ஓப்பன் சோர்ஸும் இதேதான். மென்பொருள் உங்களுடையது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985ல் ஈமேக்ஸ் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். 1989ல் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம், க்னூ மென்பொருட்களுக்கு ஆதரவு தருவதையே தொழிலாக நடத்தியது. அதை 1999ல் ரெட் ஹேட் வாங்கியது. அந்த ரெட் ஹேட்டை ஐபிஎம் 2019ல் வாங்கிய விலை 3,400 கோடி டாலர். இலவசப் பொருளை வைத்துக்கொண்டு!

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது எல்காட். அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தரும் அரசு நிறுவனம், 1977ல் தொடங்கியது. திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே அலுவலக வேலைகளைக் கணினிக்கு மாற்றிப் பெயர் வாங்கிய உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அதன் நிர்வாக இயக்குநராக இருந்த 2006 - 2008 காலத்தில்தான் மாற்றம் நடந்தது. அவர் முதலில் லினக்ஸைத் தானே பயன்படுத்திப் பார்த்தார். பிறகு எல்காட் ஊழியர்களை மாற்றினார். அதன்பிறகே பள்ளிகள். சுமார் 30,000 கணினிகளும் 1,880 சர்வர்களும் லினக்ஸுக்குப் போகின்றன என்று 2008ல் செய்திகள் வந்தன.

அவர் தேர்ந்தெடுத்தது சூசே லினக்ஸ். அதன் பின்னால் நோவெல் என்ற நிறுவனம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் என்பது அரசு அலுவலகத்தில் சாதாரண விஷயம் இல்லை. (இதில் ஒரு வேடிக்கை: அதே நோவெல் 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் போட்டு, லினக்ஸ் ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டது.)

கஷ்டம் எங்கே என்றால், லைசென்ஸில் மிச்சமான பணம் ஆதரவுக்குப் போக வேண்டும். பிரிண்டர் வேலை செய்யாது. பழைய கோப்புகள் எல்லாம் வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும், புதிய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பல வருடம் ஒரே விசைப்பலகையில் தட்டிப் பழகிய டைப்பிஸ்டுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் தேவை. ஆனால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ன் படி, தகுதியானவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். கணினிப் பெட்டியின் விலையை ஒப்பிடலாம். "கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார், வந்தால் சரியாகச் செய்வாரா" என்பதை எப்படி ஒப்பிடுவது? ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான், ஆனால் சேவையை வாங்க அது வசதியான சட்டம் இல்லை.

2008ல் உமாசங்கர் மாற்றப்பட்டார். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான மாணவர்கள் எதைத் திறந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை :-) பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்தது எதுவோ அதைத்தானே திறக்க முடியும்?

2014 ஏப்ரல் 8ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் துறைகள் பாஸ் நிறுவலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. சுற்றறிக்கை மேஜைக்கு வந்துவிடும். பிரிண்டரைச் சரிசெய்ய அது வராதே! மத்திய அரசும் 2015ல் திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. டெண்டர்களில் ஓப்பன் சோர்ஸையும் பரிசீலிக்க வேண்டும், விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்றது அது.

பெரிய ஊர்களும் தடுமாறியிருக்கின்றன. 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்த ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி, 2017ல் விண்டோஸுக்கே திரும்புவதாக வாக்களித்தது.

கேரளா வேறு வழியில் போனது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களையே மாஸ்டர் டிரெய்னர்களாக்கி, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அதாவது ஆதரவுக்கான பணம் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகாமல், உள்ளூர் வாத்தியார்களின் சம்பளமாகவே செலவானது. அந்தத் திட்டம் பிறகு கைட் என்ற அரசு நிறுவனமானது. லைசென்ஸ் வாங்காததால் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ரூபாய் மிச்சம் என்று 2017ல் அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.