ஏரியும் எடையும்

மனிதனைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ராஜராஜ சோழர் தமது ஆட்சியின் 29-ஆம் ஆண்டில், கும்பகோணத்தை அடுத்த திருவிசலூரில் துலாபாரம் ஏறினார் என்று அந்த ஊர்க் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஒரு தட்டில் சக்கரவர்த்தி, மறு தட்டில் பொன். தானம் வாங்கக் காத்திருந்தவர்களில் ஒருவராவது மன்னர் சற்று இளைத்திருக்க வேண்டும் என்று பிரார்த்தித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை!

மொகலாயப் பாதுஷாக்களும் பிறந்த நாள்தோறும் தராசில் உட்கார்ந்தார்கள். ஔரங்கசீப்பின் தர்பாரைப் பார்த்துவிட்டுப் போன பெர்னியே என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டைவிடப் பாதுஷா இரண்டு ராத்தல் கூடியிருக்கிறார் என்று தெரிந்ததும் சபையில் இருந்த பிரபுக்கள் எல்லோரும் ஆனந்தம் அடைந்தார்களாம்.

காலம் மாறிவிட்டது. இன்று நம்மில் ஒருவர் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறும்போது பிரபுக்கள் யாரும் சுற்றி நிற்பதில்லை. மூச்சைக் கூடச் சற்று அடக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கி, தாமே குனிந்து எண்ணைப் பார்க்கிறார். டாக்டர் பத்துக் கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். மூன்றாவது வாரத்தில் எண் அசையவில்லை. ஐந்தாவது வாரம் அரைக் கிலோ கூடியே காட்டியது. காலையில் நடந்தது பொய்யா? இரவில் இரண்டு இட்டிலியோடு எழுந்தது பொய்யா? "இத்தனை செய்து என்ன கண்டேன்?" என்ற கேள்வி பிறக்கிறது. அன்று மாலையே பஜ்ஜித் தட்டும் வருகிறது.

பஜ்ஜியின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விதான் அபாயமானது. உழைப்பு தெரிகிறது, பலன் தெரியவில்லை என்னும்போது மனிதன் எப்படித் தொடர்ந்து உழைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடி அயல் நாட்டுக்குப் போவதற்கு முன்னால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்கு வாசகர்களை அழைத்துப் போக விரும்புகிறேன்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதற் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். முப்பது குடும்புகள், குடத்தில் இட்ட ஓலைகள், ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பது, முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபது வயதுக்கு உட்பட்டவர்களே வாரியத்துக்குத் தகுதி உடையவர்கள் என்ற விதி. எல்லாருக்கும் அதில் இடம் இருந்ததா என்றால் இல்லை. அது நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள அந்தணர்களின் சபை. பெண்களின் பெயரோ, வயலில் உழைத்தவர்களின் பெயரோ அந்தக் குடத்தில் விழவில்லை. இதையும் சொல்லி விடுவதுதான் நியாயம்.

இவையெல்லாம் தெரிந்த கதை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சபை அமைத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். ஊருக்குப் பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் பழைய பெயர் வயிரமேக தடாகம். பல்லவர் காலத்து ஏரி அது. சோழர்கள் வருவதற்கு முன்பிருந்தே அதைப் பராமரிப்பதற்கென்று ஊரார் கொடை கொடுத்து வந்திருக்கிறார்கள்.

ஏரி என்பது ஒரு முறை வெட்டிவிட்டால் முடிந்து போகிற காரியம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடி வருகிற தண்ணீர் வெறும் தண்ணீராக வருவதில்லை. மேட்டு நிலத்து மண்ணையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போய்விடுகிறது. வண்டல் ஏரியிலேயே தங்கி விடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏரியின் அடிவயிறு மேடிட்டுக்கொண்டு வரும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏரி என்றும் போலக் கரை தொட்டுத் தளும்பிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் அறுவடைக்கு முன்பே ஒரு பங்குனியில் மதகில் தண்ணீர் நின்று போகும்.

ஆகவே மண்ணை வாரி வெளியே கொட்ட வேண்டும். அந்த வேலையை எண்ணிப் பாருங்கள். கோடையில் சிலர் இறங்கி மண்ணை வெட்டுகிறார்கள். சிலர் கூடையில் சுமந்து கரையேறுகிறார்கள். நாள் முழுவதும் சுமந்த பிறகு திரும்பிப் பார்த்தால் ஏரி அப்படியே இருக்கிறது. பரந்த ஏரியில் ஒரு மூலை சற்றுப் பள்ளமாகியிருக்கும். அடுத்த மழையில் அந்தப் பள்ளத்தையும் தண்ணீர் மூடிவிடும். செய்த வேலைக்குக் கண்ணால் காணும் சாட்சியே கிடையாது.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? நூறு ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரியின் தரையை ஒரே ஓர் அங்குலம் தாழ்த்தினால் அதில் கூடுதலாகத் தங்கும் தண்ணீர் ஒரு கோடி லிட்டருக்கு மேல்! ஓர் அங்குலம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கோடி லிட்டர் எந்த வயலுக்கும் தெரியும்.

நம் உடம்பின் கதையும் இதுதான். உடம்பும் ஒரு நீர்நிலையே. மேலே தண்ணீர் ஏறி இறங்குகிறது. அடியில் கொழுப்பு படிகிறது. ஒழுங்காகப் பத்தியம் இருந்து நடக்கிற ஒருவருக்கு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். நாள் கணக்குக்கு அது எழுபது கிராம். பழைய கணக்கில் இரண்டு பலம். ஆனால் உடம்பில் உள்ள தண்ணீரோ ஒரே நாளில் ஒரு கிலோ ஏறுவதும் இறங்குவதும் சர்வ சாதாரணம். ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அதன் எடை அப்போதே சேருகிறது. இரவு ஊறுகாயும் அப்பளமும் கொஞ்சம் அதிகமானால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் உடம்பில் நீர் கட்டும். ஒரு கிலோ அலை அடிக்கிற ஏரியில் இரண்டு பலம் மண் எடுத்ததை எப்படிக் காண்பது? முதல் வாரத்தில் வீட்டைக் கொண்டாட வைத்த இரண்டு கிலோவிலும் பெரும் பகுதி தண்ணீர்தான். ஐந்தாவது வாரம் அழ வைத்த அரைக் கிலோவும் தண்ணீராகவே இருக்கலாம். இரண்டையும் நம்பியதுதான் தவறு.

இந்த அலையை முதன் முதலில் பொறுமையாக அளந்து பார்த்த மனிதர் இத்தாலி தேசத்து வைத்தியர் ஸாந்தோரியோ. பாதுவா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தவர். பெரிய துலாக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, உண்பதையும் பருகுவதையும் கழிப்பதையும் முப்பது ஆண்டுக் காலம் நிறுத்துக்கொண்டே இருந்தார். 1614-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எட்டு ராத்தல் உணவும் பானமும் உள்ளே போனால், ஏறக்குறைய ஐந்து ராத்தல் கண்ணுக்கே தெரியாமல் மூச்சாகவும் ஆவியாகவும் போய்விடுகிறது என்று கண்டார். முப்பது ஆண்டு நாற்காலியில் தொங்கிய அந்த மகானுபாவர் நமக்குச் சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு: உடம்பின் வரவு செலவில் பெரும் பங்கு நம் கண்ணுக்குப் படாமலே நடக்கிறது.

இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங். ராஜ குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து கொடுத்த வீட்டைச் சேர்ந்தவர். 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு வயது அறுபதுக்கு மேல். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 ராத்தல். குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. மாடிப்படியில் இறங்குவதென்றால் பின்புறமாகத்தான் இறங்குவார். முன்பு ஒரு காலத்தில் உடம்பைக் குறைக்கக் காலையில் படகு வலித்துப் பார்த்தார். அதனால் பசிதான் வளர்ந்தது. கடைசியில் காது மந்தமாகி ஒரு டாக்டரிடம் போக, அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார்.

பாண்டிங்கின் பத்தியத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. அதில் மதுபானமும் இருந்தது. நான் சொல்ல வந்தது அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றி. அவர் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒரு முறைதான் எடையைக் குறித்தார். 1863 ஜனவரி நடுவில் 182 ராத்தல். மூன்று வாரம் கழித்து 180. பிறகு 178. பிறகு 176. மூன்று வாரத்துக்கு இரண்டே இரண்டு ராத்தல்! பாதுஷாவின் தர்பார் ஆனந்தப்பட்டதும் அதே இரண்டு ராத்தலுக்குத்தான். ஆனால் திசை வேறு. தினமும் காலையில் தராசில் ஏறியிருந்தால் அந்தக் குளிர்காலத்தில் பாண்டிங் மனம் உடைந்திருக்கக் கூடும். ஆண்டு முடிவில் எடை 156. நாற்பத்தாறு ராத்தல் குறைந்திருந்தது. இடுப்பளவில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் போயிருந்தது. படியில் முன்புறமாகவே இறங்கினார்.

தராசு அடியோடு அசையாவிட்டால் என்ன செய்வது? உழைப்பு வீண்தானே? இதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2006-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். சாதாரண மத்தியதர உத்தியோகஸ்தர்கள். முப்பத்தைந்து வயது முதல் ஐம்பத்தைந்து வரை. ஒரு பிரிவினருக்கு விசேஷமாக எதுவும் செய்யவில்லை. இன்னொரு பிரிவினரைத் தினம் அரை மணி நேரம் நடக்கவும், சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கவும் பழக்கினார்கள். மற்றப் பிரிவுகளுக்கு மருந்து கொடுத்தும் பார்த்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விசேஷமாக எதுவும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடந்து, உணவை மாற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இப்படித் தப்பித்த பிரிவினரின் எடையில் சொல்லிக்கொள்ளும்படியான குறைவே இல்லை! தராசு மூன்று ஆண்டும் கல்லைப் போலக் கிடந்தது. வியாதியோ வாசற்படியிலேயே நின்றுவிட்டது. தராசை மட்டும் நம்பி நடையை நிறுத்தியிருந்தால் எத்தனை குடும்பங்களில் மருந்துச் சீட்டு ஏறியிருக்கும்!

இப்போது மறுபடியும் உத்திரமேரூர்ச் சாசனத்தைப் பார்ப்போம். அந்தப் பெரியவர்கள் உடம்பைக் குறைக்க விதி எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியங்களை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாரியத்தின் காலம் முந்நூற்றறுபது நாள். நேற்று என்ன, இன்று என்ன என்று கேட்கும் கெடு அல்ல அது. ஒரு மழையும் ஒரு கோடையும் ஓர் அறுவடையும் கண்ட பிறகே வாரியம் மாறும். நாமும் தராசின் தீர்ப்பை நாள் கணக்கில் கேட்காமல் மாதக் கணக்கில் கேட்கலாம். தினமும் ஏறியே தீர வேண்டும் என்கிறவர்கள் ஏறட்டும். ஆனால் ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட்டால் அலை அடங்கித் தரை தெரியும்.

கணக்கு எழுதுகிறவனுக்கும் அந்தச் சாசனத்தில் கட்டளை இருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே சபையின் முன் காட்ட வேண்டும். வேறு கணக்கன் வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. கணக்குக் காட்டிச் சுத்தமானவன் என்று ஆன பிறகுதான் இன்னொரு கணக்கில் புகலாம். இதை நம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். நாமோ ஒரு பத்தியத்தின் கணக்கு முடிவதற்குள் அடுத்த பத்தியத்தில் புகுந்து விடுகிறோம். சித்திரையில் கோதுமை, வைகாசியில் கொள்ளு, ஆனியில் எலுமிச்சம்பழமும் தேனும்! எந்த ஏரியிலும் ஒரு மூலைப் பள்ளத்துக்கு மேல் வெட்டியதில்லை.

அப்புறம், உத்திரமேரூரில் வாரியம் ஒன்று அல்ல, பல. ஏரியைப் பார்க்க ஒன்று, தோட்டத்தைப் பார்க்க ஒன்று, பொன்னைப் பார்க்க ஒன்று. உடம்புக்கும் ஒரே தராசு போதாது. அரைஞாண் கயிறு தளர்ந்திருக்கிறதா? தைத்த ரவிக்கை கொக்கியோடு சண்டை போடாமல் இருக்கிறதா? தரையில் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் சர்க்கரை என்ன சொல்கிறது? இவை எல்லாம் தனித்தனி வாரியங்கள். ஒரு வாரியம் மௌனமாக இருந்தால் மற்றொன்றைக் கேட்கலாம். எல்லா வாரியமும் மாதக் கணக்கில் மௌனம் சாதித்தால் டாக்டரிடம் போய், முறையை மாற்ற வேண்டுமா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

பராந்தகர் காலத்து ஏரி வாரியத்தார் ஆறு பேர் யார் யார் என்று நாம் அறியோம். மண் சுமந்தவர்களின் பெயரையோ யாரும் எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. அவர்களில் பலர், "இத்தனை கூடை சுமந்தும் ஏரி அப்படியேதான் இருக்கிறது" என்று முணுமுணுத்திருப்பார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பங்குனி கழிந்து சித்திரை பிறந்த பிறகும் மதகில் தண்ணீர் ஓடியபோது, கடைமடை வயல்காரனுக்குத்தான் அந்தக் கூடைகளின் கணக்குத் தெரிந்திருக்கும்.