கியோத்தோவின் ஆண்டு விழாக்கள்

கியோத்தோ ஜப்பானின் பழைய தலைநகரம். பேரரசர் கன்மு 794ஆம் ஆண்டு ஹெயான்கியோ என்ற பெயரில் இந்நகரை அமைத்தார். 1869இல் பேரரசர் தோக்கியோவுக்குக் குடிபெயரும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அரசவையின் இருப்பிடம் பெரும்பாலும் இதுவே. மே 15இல் அவோய், ஜூலை முழுவதும் கியோன், அக்டோபர் 22இல் ஜிதாய் ஆகிய மூன்றும் நகரின் பெருவிழாக்கள். ஆகஸ்ட் 16 இரவில் மலைகளில் ஏற்றப்படும் தீ நான்காவது. ஜப்பானியச் சட்டம் இன்று ஆண்டுக்கு 16 பொது விடுமுறைகளை வகுத்திருக்கிறது. கியோத்தோவின் இந்த நான்கு விழாக்களில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்விழாக்கள் இடையறாமல் நடந்துவருவதாகச் சொல்வது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. போர், தீ, பஞ்சம், தொற்றுநோய், அரசாணை என்று ஏதேனும் ஒன்றால் ஒவ்வொரு விழாவும் நின்றுபோயிருக்கிறது. சில விழாக்கள் ஐந்தாறு தலைமுறைகளுக்கு இல்லாமலே இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றை யார் மீட்டார்கள் என்பதே இவ்விழாக்களின் வரலாற்றில் முதன்மையான செய்தி.

மூன்றில் மூத்தது அவோய். நகரம் உருவாவதற்கு முன்பே, 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் கின்மெய் காலத்தில் தோன்றியதாக மரபு கூறுகிறது. புயலும் மழையும் பயிரை அழித்தபோது, காமோ ஆற்றங்கரைத் தெய்வங்களின் சினமே காரணம் என்று குறி சொன்னவர்கள் அறிவித்தனர். அத்தெய்வங்களைத் தணிக்கக் குதிரைகளுக்கு மணிகட்டி ஓட்டியதே தொடக்கம். தலைநகர் இங்கு வந்தபின் இது அரசவையின் விழாவாயிற்று. 810இல் பேரரசர் சாகா தம் மகள் உச்சிகோவைக் காமோ கோயில்களின் பணிக்கு அனுப்பினார். அதன்பின் இளவரசியர் வழிவழியாக அப்பொறுப்பை ஏற்றனர். ஹெயான் கால இலக்கியத்தில் அடைமொழியின்றி ‘விழா’ என்று வந்தால் அது இந்த விழாவைத்தான் குறிக்கும். முரசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சியின் கதை’யில், ஊர்வலம் பார்க்க வந்த இரு சீமாட்டிகளின் வண்டிகள் இடத்துக்காக மோதிக்கொள்ளும் காட்சி புகழ்பெற்றது.

1467இல் மூண்ட ஓனின் போர் பத்தாண்டுகளில் நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அவோய் விழா அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடக்கவில்லை, 1694இல்தான் மீண்டது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஹெயான் கால உடையில் அரண்மனையிலிருந்து ஷிமோகாமோ கோயிலுக்கும், அங்கிருந்து கமிகாமோ கோயிலுக்கும் நடக்கிறார்கள். தலையணியிலும் மாட்டுவண்டியிலும் இதய வடிவ அவோய் இலைகள் செருகப்பட்டிருக்கும். இளவரசியின் இடத்தில், 1956 முதல், கியோத்தோவைச் சேர்ந்த மணமாகாத பெண் ஒருவர் அடுக்கடுக்கான பட்டாடையில் பல்லக்கில் வருகிறார்.

அவோய் அரசவையின் விழா என்றால் கியோன் நகரத்தாரின் விழா. ஆனால் அதுவும் அச்சத்தில்தான் பிறந்தது. கன்முவின் தம்பி சவாரா, கொலைச் சதியில் பங்குண்டு என்று குற்றம்சாட்டப்பட்டு, 785இல் நாடுகடத்தப்படும் வழியில் உயிர்விட்டார். அதன்பின் அரச குடும்பத்தில் நிகழ்ந்த சாவுகளுக்கும் நாட்டில் பரவிய நோய்களுக்கும் அவருடைய ஆவியே காரணம் என்று கருதினார்கள். 863இல் ஷின்சென்என் தோட்டத்துக் குளக்கரையில், சவாரா உட்பட அநியாயமாக மாண்டவர்களின் ஆவிகளை அமைதிப்படுத்த அரசவை ஒரு சடங்கை நடத்தியது. 869இல் கொள்ளைநோய் மீண்டும் பரவவே, அன்றிருந்த 66 மாநிலங்களுக்கு ஒன்றாக 66 நீள்வேல்களை நாட்டி, கியோன் கோயிலின் பல்லக்குகளை அதே தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறது மரபு. அக்கோயிலின் தெய்வமான கோசு தென்னோ, இந்தியாவில் புத்தர் தங்கிப் போதித்த ஜேதவன விகாரையின் காவலர் என்று நம்பப்பட்டார். யசாகா என்ற இன்றைய பெயர் கோயிலுக்கு 1868இல்தான் வந்தது.

நாட்டிய வேல்கள் நாளடைவில் சக்கரம் பூட்டிய தேர்களாயின. நெசவாளர்களும் வணிகர்களும் வாழ்ந்த தெருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தேர் செய்துகொண்டது. ஓனின் போரில் நின்ற ஊர்வலத்தை 1500இல் மீட்டவர்களும் அவர்களே. 1533இல் ஆட்சியாளர்கள் கோயில் சடங்குகளை நிறுத்தச் சொன்னபோது, சடங்கு நடக்காவிட்டாலும் தேர் ஊர்வலத்தையாவது நடத்த வேண்டும் என்று நகரத்தார் முறையிட்டது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. விழா யாருடையது என்பதை அந்த முறையீடு தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பெரிய தேரின் உயரம் ஏறத்தாழ 25 மீட்டர், எடை 12 டன் வரை. சட்டகத்தில் ஆணியே கிடையாது. மரங்களை வைக்கோல் கயிற்றால் பிணைத்துக் கட்டுவார்கள். சாலையில் ஓடும்போது ஏற்படும் அதிர்வைக் கயிறு தாங்கிக்கொள்ளும். சக்கரங்கள் திரும்பா. தெருமுனை வந்ததும் பிளந்த மூங்கில்களைச் சக்கரத்தின் கீழ் பரப்பி, நீர் தெளித்து, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் தேரைச் சறுக்கித் திருப்புவார்கள். ஒரே இழுப்பில் திரும்பாது. சிறிது சிறிதாகத்தான் நகரும். ஊர்வலத்தில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தெருமுனைதான். ஜூலை 17 ஊர்வலத்தில் முதலில் வருவது எப்போதும் நகினாத்தா தேர். அதில் அமர்ந்துவரும் சிறுவன், சாலையின் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை வாளால் வெட்டிய பிறகே ஊர்வலம் நகரும்.

தேர்களைப் போர்த்தியிருக்கும் துணிகள் தனி வரலாறு கொண்டவை. நகர வணிகர்கள் சீனப் பட்டு, பாரசீகக் கம்பளம், இந்தியக் கம்பளம் என்று தேடித்தேடி வாங்கினார்கள். கன்கோ தேரின் முன்திரை 16ஆம் நூற்றாண்டு பெல்ஜிய நெசவு. பைபிளின் ஆதியாகமத்தில் ரெபேக்காள் தண்ணீர் கொடுக்கும் காட்சி அதில் இருக்கிறது. கிறித்தவத்தைப் பின்பற்றினால் மரண தண்டனை என்றிருந்த காலத்திலும் அது வீதிவலம் வந்தது. கோய் தேரில் ஹோமரின் இலியத்திலிருந்து டிராய் மன்னன் பிரியாமும் அரசி எக்குபாவும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு நகரைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் அடுத்தடுத்துத் தீ ஏற்றப்படுகிறது. ஓபோன் நாட்களில் வீட்டுக்கு வந்த முன்னோரை வழியனுப்பும் தீ அது. கிழக்கு மலையில் ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்து எரியும். அதன் நீண்ட கோடு ஏறத்தாழ 160 மீட்டர். மற்ற மலைகளில் வேறு எழுத்துகளும், ஒரு கப்பலும், கோயில் வாயிலின் வடிவமும் தெரியும். துறவி கூக்காய் தொடங்கியது, ஷோகன் (படைத் தலைவராக இருந்த ஆட்சியாளர்) யொஷிமசா தொடங்கியது என்று கதைகள் பல உண்டு; எழுத்துச் சான்றுகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்துதான் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இரவில் வெளிச்சம் தடைசெய்யப்பட்டபோது தீயும் நின்றது. 1943இல் பள்ளி மாணவர்கள் உள்ளிட்ட நகர மக்கள் வெள்ளைச் சட்டையோடு காலையில் மலையேறி, அந்த எழுத்தின் வடிவில் நின்றார்கள்.

தோக்கியோவுக்குப் போன பேரரசரின் மெய்ஜி அரசு பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டு, 1873 முதல் மேலைநாட்டு நாட்காட்டியை ஏற்றது. ஆறாம் மாதத்தின் 7, 14ஆம் நாட்களில் நடந்த கியோன் தேர் ஊர்வலங்கள் ஜூலை 17க்கும் 24க்கும் மாறின. நாடு முழுவதற்குமான விடுமுறைகளும் இக்காலத்தில் உருவானவையே. அவை பேரரசரைச் சுற்றி அமைந்தன. 1948இல் வந்த புதிய சட்டம் பெயர்களை மாற்றி 9 விடுமுறைகளை வகுத்தது. மெய்ஜி பேரரசரின் பிறந்தநாளான நவம்பர் 3 பண்பாட்டு நாளாயிற்று. நவம்பர் 23இன் அறுவடைச் சடங்கு, உழைப்புக்கு நன்றி கூறும் நாளாயிற்று.

பேரரசர் போனபின் கியோத்தோவின் மக்கள்தொகை சரிந்தது. நகரம் சோர்ந்து கிடக்கவில்லை. பீவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி, அந்த நீரில் மின்சாரம் எடுத்து, 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராமை ஓட்டியது. நகரம் தோன்றிய 1100ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் வகையில் அதே ஆண்டில் ஹெயான் கோயிலை எழுப்பினார்கள். பழைய அரண்மனை மண்டபத்தின் எட்டில் ஐந்து பங்கு அளவில் அமைந்த கட்டடம் அது. ஜிதாய் விழா அக்கோயிலோடு பிறந்தது. கன்மு நகருக்குள் நுழைந்த நாளான அக்டோபர் 22இல், ஏறத்தாழ 2,000 பேர் மெய்ஜி காலத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஹெயான் காலம்வரை அந்தந்தக் கால உடையில் நடக்கிறார்கள். பெண்களின் அணி 1950இல் சேர்ந்தது. பேரரசருக்குப் பகைவர் என்று ஒதுக்கப்பட்ட அஷிகாகா ஷோகன்களின் காலத்துக்கு, 2007இல்தான் இடம் கிடைத்தது. நோ நாடகமும் கின்காகுஜியின் பொன் மண்டபமும் தோன்றிய காலத்தை நூறாண்டுக்கு மேலாக விட்டுவைத்தது பெரும் குறை.

அதே அக்டோபர் 22 இரவில் வடக்கு மலையிலுள்ள குராமாவில் ஆண்கள் பெரும் தீப்பந்தங்களைத் தோளில் ஏற்றித் தெருவில் வருகிறார்கள். அரண்மனையிலிருந்த யுகி கோயில் தெய்வத்தை 940இல் குராமாவுக்குக் கொண்டுவந்ததன் நினைவு இது.

2019இல் அபூர்வமாகச் சட்டத்தின் நாட்காட்டியும் நகரத்தின் நாட்காட்டியும் மோதின. பேரரசர் நருஹித்தோவின் அரியணைச் சடங்குக்காக அக்டோபர் 22 அவ்வாண்டுக்கு மட்டும் நாடு முழுவதும் விடுமுறையாயிற்று. ஜிதாய் ஊர்வலம் 26ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

கியோனின் இரு ஊர்வலங்களும் 1966இல் ஒன்றாக்கப்பட்டிருந்தன. 2014இல் மீண்டும் பிரிந்தன. 1864 தீயில் அழிந்த ஓஃபுனே என்ற கப்பல் தேர், 150 ஆண்டுகளுக்குப்பின் அவ்வாண்டு வீதிக்கு வந்தது. கொரோனாவால் 2020இலும் 2021இலும் தேர் ஓடவில்லை. ஊர்வலம் மீண்ட 2022இல், 1826ஆம் ஆண்டு மழைக்காற்றில் சேதமடைந்து நின்றுபோயிருந்த தகா தேர் 196 ஆண்டுகளுக்குப்பின் சேர்ந்துகொண்டது. இப்போது ஜூலை 17 முன்விழாவில் 23, ஜூலை 24 பின்விழாவில் 11 என மொத்தம் 34 தேர்கள் ஓடுகின்றன.