காலியான கல்வீடுகள்: பிரெஞ்சுக் கிராமங்களில் இரண்டாம் வீட்டின் வரலாறு

ஆண்டில் சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் போய்த் தங்கும் வீட்டை பிரெஞ்சுக்காரர்கள் ‘ரெசிதான்ஸ் செகொந்தேர்’, அதாவது இரண்டாம் வீடு என்கிறார்கள். பிரான்சில் இத்தகைய வீடுகள் இன்று சுமார் 37 லட்சம் உள்ளன. நாட்டின் மொத்தக் குடியிருப்புகளில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கடற்கரைகளிலும் பனிச்சறுக்கு மலைகளிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளும் இக்கணக்கில் சேரும். இவற்றினும் தனிப்பட்ட வரலாறு கொண்டது உள்நாட்டுக் கிராமத்தின் பழைய கல்வீடு. உழவர் கட்டி வாழ்ந்து, விட்டுச் சென்று, பின்னர் நகரத்தார் வாங்கிச் செப்பனிட்ட வீடு அது.

ஓய்வுக்கென ஊருக்கு வெளியே வீடு வைத்திருப்பது முதலில் செல்வர்களின் வழக்கமாக இருந்தது. மார்செய் நகர வணிகர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நகரைச் சுற்றி ‘பஸ்தீது’ எனப்படும் தோட்ட வீடுகளைக் கட்டிக் கோடையை அங்கே கழித்தார்கள். பின்னாளில் அந்நகரின் எளிய மக்களும் கடலோரத்தில் ‘கபனோன்’ என்ற சிறு குடில்களை அமைத்துக்கொண்டார்கள். இவையெல்லாம் ஓய்வுக்காகவே புதிதாகக் கட்டப்பட்டவை. உழவர் வீடு நகரத்தார் கைக்கு வருவதற்கோ, முதலில் அது காலியாக வேண்டியிருந்தது.

அது காலியாக நூறாண்டு பிடித்தது. நடு பிரான்சின் குரூஸ் பகுதியில் மண் வளம் குறைவு. அங்கிருந்து ஆண்டுதோறும் இளவேனிலில் ஆயிரக்கணக்கான கொத்தனார்கள் பாரிசுக்கு நடந்தே சென்று வேலை பார்த்து, குளிர்காலத்தில் ஊர் திரும்பினார்கள். 1815இல் அங்கே பிறந்து, கொத்து வேலையில் வளர்ந்து, 1849இல் நாடாளுமன்ற உறுப்பினரான மார்த்தேன் நதோ அவர்களில் புகழ்பெற்றவர். ரயில் வந்தபின் பலர் பாரிசிலேயே தங்கிவிட்டார்கள். 1860களில் தென் பிரான்சில் தோன்றிய ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. திராட்சையை நம்பியிருந்த லொத் மாவட்டத்தின் மக்கள்தொகை 1851க்குப் பிறகான நூறாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முதல் உலகப்போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அவர்களில் மிகப் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். சின்னஞ்சிறு ஊர்களின் போர் நினைவுத் தூண்களில்கூட ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதைக் காணலாம். 1931 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை முதன்முறையாகக் கிராம மக்கள்தொகையை விஞ்சியது.

போனவர்கள் எல்லாரும் வீட்டை விற்றுவிடவில்லை. 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத்தொகுப்பு பெற்றோரின் சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை தந்தது. அதனால் பல வீடுகள் பாகம் பிரிக்கப்படாமல் வாரிசுகளின் பொதுச் சொத்தாகப் பூட்டிக் கிடந்தன. 1936இல் லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அது 1956இல் 3 வாரமாகவும், 1969இல் 4 வாரமாகவும், 1982இல் 5 வாரமாகவும் உயர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் எளிய குடும்பத்துக்கும் சிறிய கார் எட்டியது. ஆகஸ்டு மாதத்தில் பாரிசுத் தொழிலாளி தன் பிள்ளைகளோடு தாத்தாவின் பூட்டிய வீட்டைத் திறந்தார். இரண்டாம் வீடு பெருவழக்கானது இப்படித்தான். 1968இல் சுமார் 12 லட்சமாக இருந்த இரண்டாம் வீடுகள் 1982க்குள் 22 லட்சத்தைத் தாண்டின. வேர் எதுவும் இல்லாத நகரத்தாரும் விலைக்கு வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

திறந்த வீட்டில் வசதி எதுவும் இருக்காது. 1954 கணக்கெடுப்பின்படி பிரான்சின் வீடுகளில் பத்துக்கு நான்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. குளியலறை உள்ளவை பத்தில் ஒன்றுதான். கிராமங்களில் நிலைமை இதைவிட மோசம். எனவே முதல் தலைமுறைச் செப்பனிடல் என்பது தண்ணீர், மின்சாரம், கழிப்பறை ஆகியவற்றை உள்ளே கொண்டுவருவதாகவே இருந்தது. அந்த வேகத்தில் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. அரை மீட்டருக்கும் அதிகக் கனமுள்ள பழைய கற்சுவர்கள் களிமண்ணும் சுண்ணாம்புக் காரையும் இட்டுக் கட்டப்பட்டவை. அவற்றுக்கு ஈரம் தடுக்கும் அடித்தளம் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அந்தப் பூச்சை உரித்து சிமெண்ட் பூசியதும் ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்பட்டது. கல் பொரிந்தது, உத்தரங்களின் நுனி உளுத்தது, உள்சுவரில் பூஞ்சை படர்ந்தது.

இதைத் திருத்தும் அறிவு அந்நாட்டிலேயே இருந்தது. லொத் மாவட்டத்தின் சூயாக் ஊரில் தோர்தோன் ஆற்றின்மேல் பாலம் கட்டிய பொறியாளர் லூயி விக்கா, நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பு எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்து 1818இல் வெளியிட்டார். 1965இல் தொடங்கிய ‘மெசோன் பெய்சான் த பிரான்ஸ்’ என்ற உழவர் வீடுகள் பாதுகாப்புச் சங்கம், சுண்ணாம்புக் காரையையும் உள்ளூர்ப் பொருள்களையும் மீட்டெடுக்க இடைவிடாது வாதிட்டது. கூரையும் அவ்வாறே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது: மேற்குப் பிரான்சின் பிரித்தானியில் ஸ்லேட், தெற்கில் அரைவட்டச் சுட்ட ஓடு, பெரிகோரில் ‘லோஸ்’ என்ற கனத்த கற்பலகை, நார்மண்டியில் நாணல் அல்லது வைக்கோல். லோஸ் கூரையின் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோ வரும். அதைத் தாங்கும் மரச்சட்டத்தைத் தேர்ந்த தச்சர்தான் அமைக்க முடியும். மரச்சட்டங்களை அளந்து வரையும் பிரெஞ்சுத் தச்சர்களின் கலையை 2009இலும், காரையில்லாமல் கல் அடுக்கும் கலையைப் பிற ஏழு நாடுகளோடு சேர்த்து 2018இலும் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது.

வெளிநாட்டவர் வருகை 1960களிலிருந்து பெருகியது. பெல்ஜியர், டச்சுக்காரர், ஜெர்மானியர் ஆகியோரோடு ஆங்கிலேயர் தோர்தோன் மாவட்டத்தில் பெருமளவில் குடியேறினார்கள். தம் நாட்டில் ஒரு சிறு வீட்டுக்கு ஆகும் விலையில் அங்கே களஞ்சியமும் நிலமும் சேர்ந்த பண்ணைவீடே கிடைத்தது. லுபெரோன் மலையடிவார ஊரான மெனெர்பில் வீடு வாங்கிச் செப்பனிட்ட ஆங்கில எழுத்தாளர் பீட்டர் மெயில் 1989இல் வெளியிட்ட ‘எ இயர் இன் புரோவான்ஸ்’ என்ற நூல் பிரெஞ்சுக் கிராமத்தில் வீடு வாங்கும் ஆசையை உலகெங்கும் பரப்பியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால், நீண்டகால விசா இல்லாத பிரிட்டிஷ் வீட்டுக்காரர் 2021 முதல் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தம் வீட்டில் தங்க இயலாது.

வாங்குபவரும் செப்பனிடுபவரும் கடக்க வேண்டிய சட்டப் படிகளும் காலந்தோறும் சேர்ந்தன. விற்பனை ஆவணம் ‘நொத்தேர்’ எனப்படும் சட்ட அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும். கட்டட அனுமதி 1943இல் நாடு முழுவதற்கும் கட்டாயமானது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், வரலாற்றுச் சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் அதன் பார்வை எல்லையில் நடக்கும் வேலைகளை அரசின் கண்காணிப்பில் வைத்தது. கட்டுமானக் குறைகளுக்கு 10 ஆண்டுப் பொறுப்பும் அதற்கான கட்டாயக் காப்பீடும் 1978 சட்டத்தால் உறுதியாயின. 1992ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், தனி வீடுகளின் செப்டிக் டேங்க்குகளைச் சோதிக்கும் கடமையை கொம்யூன்களிடம் ஒப்படைத்தது. புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குப் பெயர் தந்த அதே அடிப்படை ஆட்சி அலகுதான் இந்த கொம்யூன். பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. புதிதாக வருபவர் முதலில் போய்க் காண வேண்டியவர் அவரே. அனுமதி விண்ணப்பம் அவர் அலுவலகத்தில்தான் கொடுக்கப்படும். ஊரோடு அறிமுகமும் அங்கேதான் தொடங்கும்.

இரண்டாம் வீட்டு வழக்கம் கிராமத்துக்குத் தந்ததும் உண்டு, எடுத்ததும் உண்டு. இடிந்து போயிருக்கக்கூடிய கூரைகள் நின்றன. கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது. கோடையில் வாரச்சந்தை களைகட்டியது. மறுபுறம், ஆண்டில் பத்து மாதம் சன்னல் அடைத்த வீடுகள் பள்ளிக்குப் பிள்ளைகளையும் ரொட்டிக் கடைக்கு வாடிக்கையாளரையும் தருவதில்லை. வீடுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இரண்டாம் வீடாகிவிட்ட கோர்சிகா தீவிலும், பிரித்தானியின் கடலோரத்திலும் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியானது. 2023இல் முதன்மை வீடுகளுக்கான குடியிருப்பு வரி முழுவதும் நீங்கியபோது இரண்டாம் வீடுகளுக்கு அது தொடர்ந்தது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள கொம்யூன்கள் அதன்மேல் 60 சதவீதம் வரை கூடுதல் வரி விதிக்கலாம். காலியான கல்வீடுகளை இடிபாட்டிலிருந்து மீட்டதில் இரண்டாம் வீட்டுக்காரரின் பங்கு மறுக்க முடியாதது. ஆண்டு முழுதும் ஆள் வாழும் ஊரை மீட்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.